ஒரு தடவைக்கு ஒரு ஜீப்

ஜூன் 12

காலையிலிருந்து மழை. துணி காயவில்லை. ஈரச் சட்டையோடுதான் ஆபீஸ் போனேன். யாரும் கவனிக்கவில்லை, அங்கே எல்லாருமே ஈரம்.

கருங்கானம் எஸ்டேட் பாலத்தின் அறிக்கையை முடித்துக் கொடுத்துவிட்டேன். ஒப்பந்த இன்ஜினியரான என்னிடம் தந்த பதினொரு பாலங்களில் அது ஒன்பதாவது. மற்றவற்றை எழுதியது போலவே இதையும் எழுதினேன். கர்டர் தகடு எட்டு மில்லிமீட்டர் இருந்திருக்க வேண்டும், துரு தின்று நாலரைதான் நிற்கிறது. ஒரு நேரத்தில் இரண்டு டன்னுக்கு மேல் ஏறக்கூடாது. புதுப் பாலம் உடனே வேண்டும். அவ்வளவுதான்.

இந்தப் பாலத்தைத் தாண்டித்தான் என் அக்கா ஜெபமலர் வாரம் மூன்று நாள் நெடுமங்காட்டுக்கு டயாலிசிஸ் போய்வருகிறாள் என்று எழுத அறிக்கையில் இடம் கிடையாது. அத்தான் ஓட்டும் ஜீப்பில் பதினாலு பேர் ஏறுகிறார்கள் என்பதை மட்டும் எழுதினேன், பெயர் போடாமல்.

அந்த எஸ்டேட்டில் தொழிலாளர் லயத்து வீட்டில் பிறந்தவன் நான் என்பது ஆபீசில் எல்லாருக்கும் தெரியும். ஒளித்ததில்லை. ஒளிக்க என்ன இருக்கிறது? துரு ஆள் பார்த்தா பிடிக்கிறது?

ஜூன் 20

இன்று முழுக்கத் தலைமைச் செயலகத்தில், சட்டத்துறையில். சட்டமுன்வடிவை எழுதுவது பத்மஜா மேடம். கோட்டைக்குள் அக்ரகாரத்துக்காரர். அவர் தமிழையும் என் தமிழையும் பக்கத்தில் வைத்தால் ஒரே மொழி என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனாலும் மலையாளம் மட்டுமே கேட்கும் அந்த மாடியில் தமிழ் பேச அவருக்கு நான், எனக்கு அவர்.

விஷயம் எளிது. எஸ்டேட் சாலைகள் கம்பெனிகளின் சொத்து. கம்பெனி கோர்ட்டில் கிடக்கிறது, சாலை மழையில் கிடக்கிறது. அரசு அதில் ஒரு சட்டி தார் ஊற்றினாலும் ஆடிட்காரன் பிடிப்பான். அதற்குத்தான் இந்தச் சட்டம்: அட்டவணையில் சொன்ன சாலையும் பாலமும் அரசுக்குச் சொந்தம், அன்றைக்கே வேலை தொடங்கலாம், கம்பெனியோடு வழக்கைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். மொத்தம் ஒன்பது பக்கம்.

இத்தனை வருடம் இந்த ஒன்பது பக்கத்தை எழுத ஆளில்லையா என்று கேட்டேன்.

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எழுத ஆளுண்டு யோசுவா. ஒன்பது பக்கத்தோட நிறுத்தத்தான் ஆளில்லை."

ஜூலை 4

புரிந்துவிட்டது. பதினொரு சாலை இருந்த அட்டவணை இன்று இருபத்தாறு. ஒவ்வொரு எம்.எல்.ஏ.வுக்கும் திடீரென்று தொகுதியில் ஒரு எஸ்டேட் முளைத்திருக்கிறது. ஒருவர் நேரிலேயே வந்தார். மேப்பில் அவர் சாலையைத் தேடி எடுத்துக் காட்டினேன். ரிசார்ட், நீச்சல் குளம், மேலே ஹெலிகாப்டர் இறங்க ஒரு வட்டம்.

"சார், இதுல தோட்டம் எங்க இருக்கு?"

"ரிசார்ட்டுக்கு முன்னால தோட்டம் உண்டல்லோ. செம்பருத்தி."

சிரிக்காமல் சொன்னார். நானும் சிரிக்காமல் "செம்பருத்திக்குப் பாலம் எதுக்கு சார்?" என்றேன். போகும்போது என் பெயரைக் கேட்டுவிட்டுப் போனார்.

ஜூலை 15

நாற்பத்து மூன்று. நிதித்துறை பைலைத் திருப்பி அனுப்பிவிட்டது, இத்தனைக்கும் பணம் இல்லையென்று. நாற்பத்து மூன்றுக்கு இல்லையென்றால் பதினொன்றுக்கும் இல்லை. அவர்கள் கணக்கு அப்படி.

ஜூலை 18

வழி கண்டுபிடித்தேன். மூன்று நாள் தூங்காதவன் மாதிரித் திரிந்ததற்குப் பலன்.

பெயரைப் பார்த்துச் சேர்க்கிற வேலையே வேண்டாம். நாலாம் பிரிவில் இரண்டு அளவுகோலை எழுதிவிடுவோம். ஒன்று, பாலம் ஆபத்தானது என்று பரிசோதனை அறிக்கை இருக்க வேண்டும். இரண்டு, அந்தப் பாலத்தில் நாளொன்றுக்கு முப்பது வண்டியாவது போக வேண்டும், டூவீலர் சேர்க்காமல். போன் போட்டு யாரும் உள்ளே வர முடியாது. எண்ணிக்கை வந்தால் வரும், இல்லையென்றால் இல்லை.

மேடம் எழுதிக்கொண்டே, "முப்பதுங்கறது எங்கேர்ந்து வந்தது?" என்றார்.

"ரிசார்ட் ரோட்டுல இருபதைத் தாண்டாது மேடம். எங்க பாலத்துல முப்பத்தெட்டு போகுது."

"அப்போ நீயும் உன் பாலத்துக்குத்தான் அளவெடுத்துத் தைச்சிருக்கே."

எனக்குக் கோபம் வந்தது. பதினொரு பாலத்திலும் முப்பதுக்கு மேல்தான் போகிறது என்று எண்ணிக்கையைக் காட்டினேன். பார்த்துவிட்டு, "சரி சரி, மூஞ்சியைத் தூக்காதே. தையல் நன்னாத்தான் இருக்கு" என்றார்.

ஜூலை 19

மேடம் சொன்னது இன்னும் உறுத்துகிறது. ஏன் உறுத்த வேண்டும்?

ஆகஸ்ட் 7

சட்டமுன்வடிவு சபையில் அறிமுகமானது. அட்டவணையில் பதினொரு சாலை, ஒன்றுகூடக் கூடவில்லை. சப்ஜெக்ட் கமிட்டியும் பார்த்துவிட்டது. இருபத்தோராம் தேதி பாஸ் ஆகும் என்கிறார்கள்.

அக்காவுக்குப் போன் போட்டேன். நேற்று டயாலிசிஸ் முடிந்து வந்த களைப்பு குரலில். "பாலத்துல ஏறும்போது எல்லாரும் கண்ண மூடிக்கிடுவோம் தம்பி. உங்க அத்தான் மட்டும் மூட மாட்டாரு" என்று சிரித்தாள். ஊருக்குள் வந்து என்னோடு இரு என்று எத்தனை தடவை சொல்லியாயிற்று. லயத்து வீட்டைப் பூட்டிவிட்டு வந்தால் கம்பெனி அதன்மேல் இன்னொரு பூட்டு போட்டுவிடும் என்கிறாள். பொய்யில்லை. மூன்று வீட்டுக்குப் போட்டிருக்கிறார்கள்.

ஆகஸ்ட் 17

மலையாளச் சிங்க மாதம் ஒன்றாம் தேதி. இங்கே வருஷப் பிறப்பு. லீவு. சாலைக் கடைத்தெருவில் செருப்பு வாங்கிக்கொண்டிருந்தபோது மொபைலில் ஒரு படம் வந்தது. என் முகம்.

பாலத்து முகப்பில் ப்ளெக்ஸ். இருபதடி அகலம். எங்கள் எம்.எல்.ஏ. ரெனி சார் கைகூப்பியபடி ஆறடி உயரத்தில். 'எங்கள் பாலத்தை மீட்டுத் தந்த ரெனி சாருக்குக் கருங்கானம் மக்களின் நன்றி.' மேலே ஓரத்தில் வரிசையாகத் தலைவர்கள், தபால் தலை அளவில். அந்தத் தபால் தலைகளில் மூன்றாவது, துறை மந்திரி. சட்டமுன்வடிவைச் சபையில் கொண்டுவந்தவரே அவர்தான்! கீழே வலது மூலையில் முட்டை வடிவத்துக்குள் நான். பட்டமளிப்பு அங்கியில். 'எங்கள் மண்ணின் இன்ஜினியர்.'

அத்தானுக்குப் போன் போட்டேன்.

"சட்டம் இன்னும் பாஸ் ஆகல அத்தான்!"

"ரெனி சார் ஆளு சொன்னாருல்லா, பாஸ் ஆன மாதிரித்தான்னு. நன்றிய முந்திச் சொன்னா நல்லதுதான மாப்ள?"

"மந்திரி படம் ஏன் இத்துனூண்டு இருக்கு?"

"எடம் இல்ல. உன் படம் வேற போடணும்லா."

"என் படத்த எவன் கேட்டான்?"

"உங்க அக்காதான் பெட்டியில இருந்து எடுத்துக் குடுத்தா" என்றார். போனை வைத்தேன்.

ஆகஸ்ட் 18

இரண்டு பேரும் ஒரே முன்னணிதான். மந்திரி பெரிய கட்சி. ரெனி சார் சின்னக் கட்சி, நாலே எம்.எல்.ஏ. நவம்பரில் பஞ்சாயத்துத் தேர்தல். இதையெல்லாம் தெரியாதவனா நான்? தெரியும். ஒரு ப்ளெக்ஸுக்கு இவ்வளவு எடை உண்டு என்பதுதான் தெரியாது.

மந்திரியின் செக்ரட்டரி பிஜு கூப்பிட்டனுப்பினார். கோபப்படவில்லை. டீ வரவழைத்தார். மொபைலில் அந்தப் படத்தைத் திறந்து இரண்டு விரலால் மந்திரி முகத்தைப் பெரிசாக்கினார். பெரிசாக்க ஆக்க முகம் சதுரம் சதுரமாக உடைந்தது.

"பார்த்தோ? சூம் பண்ணினா மந்திரி இல்லை."

"சார், அது லயத்து ஆளுங்க தெரியாம வச்சது. பில் நல்ல பில்."

"யோசுவா மோனே, பில் நல்லதாணு. ஆரும் மோசம்னு சொல்லலை. பக்ஷே ஆருடெ பில்? அது தேர்தல் கழிஞ்சு தீருமானிக்கலாம்."

"அதுக்குள்ள பாலம் விழுந்தா?"

டீயைக் குடித்து முடித்தார். "உன்றெ ரிப்போர்ட்டிலே விழும்னு எழுதியிருக்கோ?"

விழும் என்று எந்த இன்ஜினியரும் எழுதமாட்டான். அவருக்கு அது தெரிந்திருக்கிறது.

ஆகஸ்ட் 19

ரெனி சாரைப் போய்ப் பார்த்தேன். எம்.எல்.ஏ. ஹாஸ்டலில் லுங்கியோடு பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார். நல்ல மனிதர். இரண்டு வருடம் இந்தச் சட்டத்துக்காகப் படியேறியவர். மறுக்கமாட்டேன். ஒரே ஒரு அறிக்கை விடுங்கள், எல்லாம் மந்திரியின் முயற்சி என்று சொல்லுங்கள், பில் பாஸ் ஆகிவிடும் என்றேன்.

"எனிக்கு ஆகெ ரெண்டு காரியம்தான் உண்டு யோசுவா. மலையில எழுநூறு ஓட்டு, பின்னெ ஈ பில். ரெண்டையும் மந்திரிக்குத் தூக்கிக் கொடுத்துட்டு நான் வீட்டில் இருக்கவோ?"

"பாலம் வந்துருமே சார்."

"பாலம் வரும். நான் போவேன்."

எனக்குக் கணக்கு மட்டும்தான் பேசத் தெரியும். "எழுநூறு ஓட்டு இருக்கணும்னா அந்த எழுநூறு பேரும் ஆத்துல விழாம இருக்கணும் சார்" என்றேன். முகம் மாறிவிட்டது. இதைச் சொல்லியிருக்க வேண்டாம். இல்லை, சொல்லத்தான் வேண்டும். தெரியவில்லை.

ஆகஸ்ட் 20

அத்தான் தன் அறிவுக்கு ஒரு வழி செய்திருக்கிறார். மந்திரிக்கும் ஒரு ப்ளெக்ஸ். அதே இருபதடி. பாலத்தின் இடது பக்கம் ரெனி சார், வலது பக்கம் மந்திரி. "டேப் வச்சு அளந்துட்டோம் மாப்ள, ஒரு இஞ்சி வித்தியாசம் கெடையாது." என் படம் இரண்டிலும் இல்லையாம். அது ஒன்றுதான் நல்ல செய்தி.

சாயங்காலம் மறுபடி போன். மந்திரி முகத்தை யாரோ பிளேடால் கிழித்துவிட்டார்கள். யாரென்று தெரியவில்லை. போலீஸ் வந்து லயத்துப் பையன்கள் நாலு பேரை அழைத்துப் போயிருக்கிறது.

ஆகஸ்ட் 21

அதிகாரிகள் கேலரியில் உட்கார்ந்து பார்த்தேன்.

செம்பருத்தித் தோட்டத்துக்காரர் எழுந்தார். கையில் ப்ளெக்ஸின் கலர் பிரிண்ட். பாலம் ஆபத்து என்று எழுதிய இன்ஜினியரின் படம் ஓட்டுக்கான ப்ளெக்ஸில் எப்படி வந்தது, இவர் அரசு ஊழியரா கட்சி ஊழியரா என்று கேட்டார். எல்லாரும் கேலரியைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் வேறு யாரையோ தேடுவது போலப் பின்னால் திரும்பினேன். வெட்கம்.

மந்திரி எழுந்து, அவசரம் வேண்டாம், சட்டம் குறையில்லாமல் இருக்கட்டும், செலக்ட் கமிட்டிக்கு விடுகிறேன் என்றார். எதிர்க்கட்சி இன்றே நிறைவேற்று என்று கத்தியது. ரெனி சாரின் நாலு பேரும் அவர்களோடு எழுந்திருந்தால் இன்று பாஸ் ஆகியிருக்கும். நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் எழவில்லை. பேனாவின் மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார்.

ஆகஸ்ட் 30

பஞ்சாயத்துத் தேர்தலுக்கு முன்னணிக்குள் சீட் பங்கீடு முடிந்தது. ரெனி சார் கட்சிக்குப் போன தடவையைவிட ஆறு சீட் கூடுதல். ஆக, ஒரு எம்.எல்.ஏ. எழாமல் உட்கார்ந்திருப்பதன் விலை ஆறு சீட்.

செப்டம்பர் 16

செலக்ட் கமிட்டி இன்னும் கூடவில்லை.

அக்டோபர் 6

பாலத்தை மூடிவிட்டார்கள்.

என் அறிக்கையை வைத்து. சட்டத்துக்கு ஆகாத அறிக்கை இதற்கு ஆகியிருக்கிறது! சபையில் பேச்சு வந்ததால் ஏதோ பத்திரிகை 'ஆபத்துப் பாலம்' என்று எழுத, வருவாய் அதிகாரி பயந்துபோய் இரண்டு முனையிலும் கான்கிரீட் கட்டைகளை இறக்கியிருக்கிறார்.

அவருக்குப் போன் போட்டுக் கத்தினேன். "ரெண்டு டன் வரைக்கும் விடலாம்னு ஆறாவது பக்கத்துல எழுதியிருக்கேனே, படிச்சீங்களா?"

"படிச்சேன் சாரே. ரெண்டு டன் ஆரு அளக்கும்? அடைச்சா ஆருக்கும் பிரச்னை இல்லை."

ஆருக்கும். அந்த ஆருக்குள் என் அக்கா இல்லை.

ஜீப் எஸ்டேட் பக்கம் மாட்டிக்கொண்டது. இனி அக்கா பாலத்தை நடந்து தாண்டி, அந்தப் பக்கம் ஏற்றத்தில் மேல் ரோடு வரை ஏறி, அங்கே ஆட்டோ பிடிக்க வேண்டும். டயாலிசிஸ் முடிந்து திரும்பும்போதும் அதேதான்.

அக்டோபர் 19

அக்கா ஏற்றத்தில் உட்கார்ந்துவிட்டாள். மயக்கம். பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்து நாலு பேர் தூக்கிப் போனார்களாம். "நாற்காலி நல்லாத்தான் இருந்துச்சு, ராணி மாதிரி" என்கிறாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அக்டோபர் 27

அக்கா கரமனையில் என் வீட்டுக்கு வந்துவிட்டாள். மாடி போர்ஷன். எனக்குக் கட்டில் போதும், அவளுக்கு ஒரு தடுப்பு கட்டினேன். டயாலிசிஸுக்கு இங்கேயே இடம் கிடைத்தது. அத்தான் லயத்தில் வீட்டைக் காத்துக்கொண்டு இருக்கிறார்.

அவள் பெட்டியில் அந்தப் பட்டமளிப்புப் படம் இருந்தது. பார்த்தும் பார்க்காத மாதிரி மூடினேன்.

நவம்பர் 28

பஞ்சாயத்துத் தேர்தல். அக்கா ஓட்டுப் போடப் போகவில்லை. "பாலத்த நடந்து தாண்டி எவனுக்குக் குத்த?" என்றாள்.

ஜனவரி 31

என் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. காரணம் எழுதித் தரமாட்டார்கள். பிஜு மட்டும் வராந்தாவில் பார்த்து, "ப்ளெக்ஸ் மோசமாயிப் போயி மோனே" என்றார், உண்மையிலேயே வருத்தப்படுகிறவர் போல.

பிப்ரவரி 20

விழிஞ்ஞத்தில் வேலை. துறைமுகக் கட்டுமானத்தில் ஒரு சப்-கான்ட்ராக்டரிடம் தரப் பரிசோதனை. கடலுக்குள் கிலோமீட்டர் கணக்கில் கல்லைக் கொட்டியிருக்கிறார்கள். கட்ட நினைத்தால் கடலையே தள்ளிவைத்துக் கட்டத் தெரிகிறது. மலையில் ஒரு ஓடை. அதன்மேல் பதினெட்டு மீட்டர் பாலம் கட்டத்தான் தெரியவில்லை.

மார்ச் 15

சட்டசபைத் தேர்தல் அறிவித்தாயிற்று. இனி இந்தச் சபை கூடாது. கிடப்பில் கிடக்கும் சட்டமுன்வடிவெல்லாம் சபையோடு காலாவதி. பத்மஜா மேடம் போன் பண்ணிச் சொன்னார்.

"பில் போயிடுத்து யோசுவா. கேட்டியா, மனுஷா செத்தாலாவது பத்து நாள் தீட்டு உண்டு. இதுக்கு அதுவும் கிடையாது."

அக்காவிடம் சொல்லவில்லை. அவள் கேட்கவும் இல்லை.

மே 22

ரெனி சார் ஜெயித்துவிட்டார். கடைசி நேரத்தில் கட்சியோடு எதிர் முன்னணிக்குத் தாவி. ஆனால் ஆட்சி பழைய முன்னணிக்கே. மந்திரியும் அவரே, துறையும் அதே. எல்லாரும் இருக்கிறார்கள், நாற்காலி மட்டும் இடம் மாறியிருக்கிறது.

ஜூலை 11

மேடம் கூப்பிட்டார். சட்டமுன்வடிவு மறுபடி வருகிறதாம். ரெனி சார் எதிர்க்கட்சிக்குப் போய்விட்டதால் இப்போது இது முழுக்க மந்திரியின் பில். அதனால் வேகம்.

"உன் நாலாம் பிரிவை ஒரு எழுத்து மாத்தல்லே. ஆனா எண்ணிக்கை புதுசா எடுக்கணும். உங்க பாலத்துல இப்போ என்ன போறது?"

"ஒண்ணும் போகல மேடம். அடைச்சிருக்கு."

மறுமுனையில் காகிதம் புரளும் சத்தம்.

"முப்பதில்லேன்னா அட்டவணையில வராது" என்றார்.

"பாலம் ஆபத்துன்னுதானே அடைச்சது? ஆபத்துன்னாத்தானே சட்டம்?"

"நாலாம் பிரிவை நீதான் தைச்சே யோசுவா. நீயே படிச்சுப் பாரு. ரெண்டும் வேணும்னு இருக்கு."

படித்துப் பார்த்தேன். 'மற்றும்' என்று இருக்கிறது. செம்பருத்திக்காரன் நுழையக் கூடாது என்று நான் கட்டிய வேலி. அவன் வெளியே நிற்கிறான். நானும்.

ஜூலை 12

மேடம் ஒரு தகவல் அனுப்பியிருக்கிறார், ஒரே வரி: 'எண்ணிக்கை ஆகஸ்ட் 5, காலை ஆறு முதல் மாலை ஆறு. எது போறதோ அதை எண்ணுவா, யாருதுன்னு கேட்க மாட்டா.'

இதை ஏன் எனக்குச் சொல்ல வேண்டும்?

தெரியும் ஏன் என்று.

ஆகஸ்ட் 5

லீவு போட்டுவிட்டு அக்காவையும் கூட்டிக்கொண்டு மேலே போனேன். வரமாட்டேன் என்பாள் என்று நினைத்தேன். விடிவதற்கு முன்பே புடவை கட்டி உட்கார்ந்திருந்தாள்.

ஏதோ ஏஜென்சி அனுப்பிய பெண் ஒருத்தி குடையும் மொபைலுமாக இந்தப் பக்கக் கரையில் உட்கார்ந்திருந்தாள். அடைத்த பாலத்தில் எதை எண்ணுவது என்று அவளுக்கே குழப்பம். எட்டு மணிக்கு அத்தானும் லயத்து ஆட்களும் கடப்பாரையோடு வந்து கட்டைகளைப் புரட்டினார்கள். ப்ளெக்ஸ் இல்லை, கொடி இல்லை. போனைக்கூட யாரும் வெளியே எடுக்கக் கூடாது என்று அத்தான் உத்தரவு.

ஜீப் எஸ்டேட் பக்கம் நின்றது. அத்தான் ஏறப் போனார். தடுத்தேன்.

"எழுதுனவன் நான். நான் ஓட்டுறேன்."

"உனக்கு அந்த வண்டியில ரிவர்ஸ் கியரே விழாதே மாப்ள."

"திருப்பிக்கிட நெறைய எடம் இருக்கு."

வெறும் ஜீப், ஒரு ஆள். இரண்டு டன்னுக்கு நன்றாகவே கீழே. பாலத்தின் நடுவில், மெதுவாக. என் கணக்கு எனக்குத் தெரியும். ஆனாலும் முதல் தடவை நடுப்பாலத்தில் அந்த இரும்பு ஒரு முனகு முனகியதே, அப்போது எனக்கு நாலரை மில்லிமீட்டர் என்பது எண்ணாக இல்லை. எழுநூறு பேர் கண்ணை மூடிக்கொண்டு தாண்டியது இதைத்தான்.

போனேன். திருப்பினேன். வந்தேன். ஐந்தாவது தடவை அந்தப் பெண் எழுந்து நின்று, "சாரே, இதே வண்டிதானே?" என்றாள்.

"ஆமா. எண்ணக் கூடாதுன்னு இருக்கா?"

யோசித்தாள். மொபைலில் ஒரு தட்டு தட்டினாள்.

போன வருடம் செம்பருத்தியைக் காட்டிய ஆளைக் கேலி செய்தவன் நான்.

இடையில் இரண்டு தடவை எஞ்சின் சூடாகி நிறுத்தினேன். சாயங்காலம் இருபத்தொன்பதாவது முடிந்து இந்தக் கரைக்கு வந்தபோது அக்கா டீக்கடைப் பெஞ்சிலிருந்து எழுந்து வந்தாள். கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள்.

"எறங்கு அக்கா."

"உன் கணக்குல நான் எத்தன கிலோ வருவேன்?"

"நாப்பத்தஞ்சு."

"தாங்குமா, தாங்காதா?"

"தாங்கும். ஆனா…"

"பெறகென்ன. எடு."

எடுத்தேன். பாலத்தில் ஏறியதும் ஓரக்கண்ணால் பார்த்தேன். கண்ணை மூடவில்லை. அக்கரையில் அத்தான் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

முப்பது. அக்கா தன் வீட்டு வாசலில் இறங்கினாள், ஒன்பது மாதத்துக்குப் பிறகு, வண்டியில்.

ஆகஸ்ட் 14

அட்டவணை வந்துவிட்டது. கருங்கானம் இருக்கிறது. மேடம் ஒன்றும் எழுதாமல் அந்த வரியை மட்டும் படம் எடுத்து அனுப்பினார்.

செப்டம்பர் 3

சபையை மொபைலில் பார்த்தேன், விழிஞ்ஞத்தில் கல்குவியலின் நிழலில் நின்றுகொண்டு.

எதிர்த்து எழுந்தவர் ரெனி சார்.

அட்டவணையில் கள்ள எண்ணிக்கை இருக்கிறது, ஒரே ஜீப் முப்பது தடவை போனதாக தன் தொகுதிக்காரர்களே சொன்னார்கள் என்றார். பாலத்தின் பெயரைச் சொல்லிச் சொன்னார். இரண்டு வருடம் எந்தச் சட்டத்துக்காகப் படியேறினாரோ அதே சட்டம். குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. மந்திரி எழுந்தார். முகத்தில் கோபமே இல்லை, நிம்மதிதான் இருந்தது. கௌரவ உறுப்பினருக்குச் சந்தேகம் என்றால் செலக்ட் கமிட்டிக்கு விடத் தயார், தாமதத்துக்கு மலை மக்கள் அவரிடமே காரணம் கேட்டுக்கொள்ளட்டும் என்றார். இரண்டு பக்கமும் மேஜையைத் தட்டினார்கள்.

இரண்டு பேருக்கும் லாபம். மந்திரியின் பெயரில் சட்டம் வராது, வராத பழியும் மந்திரிக்கு இல்லை.

பொய் சொல்லவில்லை ரெனி சார். ஒரே ஜீப்தான். ஓட்டினவன் நான்தான்.

செப்டம்பர் 13

ஞாயிறு. சைட்டிலிருந்து தடிமன் பார்க்கும் கருவியைக் கேட்டு வாங்கிக்கொண்டு மேலே போனேன். அக்கா இப்போது அங்கேதான். வாரம் மூன்று நாள் அத்தான் ஜீப்பில், பழையபடி நெடுமங்காட்டுக்கு.

கட்டைகளை யாரும் திருப்பி வைக்கவில்லை. வைக்கச் சொல்லி யாரும் வரவும் இல்லை. பாலம் இப்போது கம்பெனியுடையதும் இல்லை, அரசுடையதும் இல்லை. முகப்பில், போன வருடம் ப்ளெக்ஸ் கட்டிய அதே கம்பத்தில், ஒரு தகரப் பலகை. கறுப்பு பெயிண்டில் அத்தானின் கோணல் எழுத்து:

ஒரு தடவைக்கு ஒரு ஜீப். ஆள் நாலு. நடுவுல மெதுவா.
இப்படிக்கு யோசுவா, இன்ஜினியர்.

படம் இல்லை. பெயர் மட்டும்.

இதை நான் சொல்லவில்லை என்று அத்தானிடம் சொல்லலாம். ஆனால் சொல்லியிருக்கிறேன், ஆறாவது பக்கத்தில், டன்னில். அவர் அதை ஆளாக மாற்றியிருக்கிறார். மாற்றியது சரியாகவும் இருக்கிறது. முன்பு பதினாலு பேர் ஏறிய ஜீப்பில் இப்போது நாலு பேர்தான் ஏறுகிறார்கள். ஐந்தாவது ஆள் அடுத்த நடைக்குக் கரையில் நிற்கிறார். எந்தச் சட்டமும் இல்லாமல்.

பாலத்துக்கு அடியில் இறங்கி அளந்தேன். போன வருடம் அளந்த அதே இடம். ஒரு மழைக்காலம் போயிருக்கிறது. நாலரை இல்லை. நாலு.

மேலே ஏறி வந்து அத்தானிடம் பெயிண்ட் இருக்கிறதா என்று கேட்டேன். இருந்தது.

பலகையில் 'நாலு' என்பதை அழித்து 'மூணு' என்று எழுதினேன்.